லீவு நாள்ல மஸ்டர்ல (வருகைப் பதிவேட்டுல) என்ன எழுத்து போடுறாங்கன்னு பாருங்க

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வந்துட்டா மாசச் சம்பளக்காரங்க வீட்டுல ஒரு பேச்சு, நாள் கூலிக்காரங்க வீட்டுல வேற பேச்சு. மாசச் சம்பளம் வாங்குறவங்க லீவு வியாழக்கிழமை வருதா, வெள்ளிக்கிழமை ஒரு லீவு போட்டுட்டா ஞாயிறு வரைக்கும் சேர்ந்தாப்ல கிடைக்குமான்னு காலண்டரைப் புரட்டுவாங்க. நாள் கூலிக்காரங்க அந்த வாரம் குழுவுக்குக் கட்ட வேண்டிய பணத்துல ஒரு நாள் கூலி குறையுதே, யாருகிட்ட கேக்குறதுன்னு யோசிப்பாங்க. சட்டப்படி பாத்தா ஃபேக்டரியில நாள் கணக்குல சம்பளம் வாங்குறவங்களுக்கும் அந்த லீவு சம்பளத்தோட லீவுதான், ஆனா அது தெரியாமலே வருஷக்கணக்கா வேலை செஞ்சவங்க எங்க பக்கம் நிறைய பேரு, அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன்.

நான் வேலந்தாவளம் பக்கம். வீடு கேரளாவுல, வீட்டுல பேசுறது தமிழ், ரேஷன் கார்டு மலையாளத்துல. எங்க ஊர்ல பாதிப் பேரு சாவடி வழியா கோயமுத்தூருக்கு வேலைக்குப் போவாங்க, மீதிப் பேரு வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டுக்குப் போவாங்க. நான் ரெண்டு பக்கமும் வேலை செஞ்சிருக்கேன், முதல்ல குறிச்சி பக்கம் ஒரு சின்ன பம்ப்செட் பார்ட்ஸ் யூனிட்டுல, அப்புறம் கஞ்சிக்கோட்டுல ஒரு இரும்புக் கம்பெனியில கான்ட்ராக்ட் ஆளா. ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல இருக்குறவங்களுக்கு லீவு விஷயம் கூடுதலாவே குழப்பம்தான், எந்த ஊர் லீவு நம்மளுதுன்னே தெரியாது.

முதல்ல அதைத் தெளிவாக்கிடுறேன். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் தனித்தனியா சட்டம் இருக்கு, ரெண்டும் 1958ல வந்ததுதான், தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம்னு பேரு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலும் ரெண்டு பக்கமும் கட்டாயம். அதுக்கு மேல தமிழ்நாட்டுல 5 பண்டிகை லீவு, மொத்தம் 9. கேரளாவுல 9 பண்டிகை லீவு, மொத்தம் 13. நீங்க எந்த ஊர்ல குடியிருக்கீங்கங்கிறது கணக்கே இல்ல, வேலை செய்யுற இடம் எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநிலச் சட்டம்தான். அதனால ஒரே வீட்டுல அண்ணன் கோயமுத்தூர் போறாரு அவருக்கு 9, தம்பி கஞ்சிக்கோடு போறான் அவனுக்கு 13, இது எங்க ஊர்ல சாதாரணம்.

இதுல இன்னொன்னு, தினசரி காலண்டர்ல சிவப்புல போட்டிருக்குற நாளெல்லாம் அரசாங்க ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும். பொங்கலுக்கு கேரளாவுல பாலக்காடு, இடுக்கி மாதிரி தமிழ் ஆளுக இருக்குற 6 ஜில்லாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவாங்க, ஓணத்துக்குக் கோயமுத்தூர் கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிச்சுட்டு அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலை நாள்னு சொல்லுவாரு. பேப்பர்ல இதைப் பாத்துட்டு எங்க ஆளுக கம்பெனி லீவுன்னு நினைச்சு வீட்டுல இருந்துடுவாங்க, அடுத்த நாள் போனா ஆப்சென்ட் போட்டிருப்பாங்க, அப்புறம் சண்டை. அந்த உள்ளூர் விடுமுறை உங்க கம்பெனியோட லிஸ்ட்ல இருந்தாத்தான் உங்களுக்கு. உங்க லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கணும், வருஷ ஆரம்பத்துலயே ஒட்டியிருப்பாங்க, இல்லன்னா கேளுங்க. கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு பயப்பட வேண்டியதில்ல, அது எல்லாரும் பாக்குறதுக்காகவே ஒட்டுற பேப்பர்.

இப்ப கஞ்சிக்கோட்டுல நடந்ததைச் சொல்றேன். நாங்க ஒரே ஷெட்டுல கம்பெனி ஆளுகளும் கான்ட்ராக்ட் ஆளுகளும் கலந்து வேலை செய்வோம், அதே மெஷின், அதே சைரன், சாப்பாட்டு நேரமும் ஒண்ணுதான். ஆகஸ்ட் 15க்குக் காலைல கொடியேத்தி ஆளுக்கு ரெண்டு மிட்டாய் குடுத்தாங்க, ஷெட்டைப் பூட்டிட்டாங்க. அடுத்த மாசம் சம்பளம் வந்தப்போ பேக்கிங்ல இருந்த ஒரு அக்கா ஸ்லிப்பைக் கையில வெச்சுட்டு நிக்குறாங்க, அவங்களுக்கு ஒரு நாள் கூலி மட்டும் குறையல, மாசம் முழுக்க லீவு போடாம வந்தா தர்ற அட்டெண்டன்ஸ் இன்சென்டிவும் வரல. அந்த மாசம் புள்ளைக்குக் காய்ச்சல்னு கூட லீவு போடாம வந்தவங்க அவங்க. கான்ட்ராக்டரோட சூப்பர்வைசர்கிட்டப் போய்க் கேட்டாங்க.

"அந்த வியாழக்கிழமை நீ வரலையேக்கா, மஸ்டர்ல ஆப்சென்ட்டுன்னு இருக்கு."

"அன்னைக்கு கம்பெனியே பூட்டியிருந்துச்சே தம்பி, நான் எங்க வர்றது?"

அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல. வேலை செஞ்சா காசு, லீவுக்கு யாரு காசு தருவான்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

ரெண்டு நாள் கழிச்சு கேட் பாஸுக்காக நான் டைம் ஆபீசுக்குப் போனேன், மேஜை மேல மஸ்டர் விரிச்சு வெச்சிருந்துச்சு. நீளமான ஷீட், இடது பக்கம் பேரு, மேல 1ல இருந்து 31 வரைக்கும் கட்டம். கம்பெனி ஆளுக பேருக்கு நேரா 15ம் தேதி கட்டத்துல வரிசையா சிவப்பு இங்க்ல ஹெச், அதாவது ஹாலிடே, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு மாதிரி. அதுக்குக் கீழ இருந்த எங்க கான்ட்ராக்ட் ஷீட்டுல அதே 15ம் தேதி கட்டத்துல நீல இங்க்ல ஏ. எல்லாருக்கும் ஏ. ஷெட் பூட்டியிருந்த நாள்ல அத்தனை பேரும் ஆப்சென்ட்.

டைம் ஆபீஸ்ல இருந்த சேட்டன் நல்ல மனுஷர், பக்கத்து ஊருதான், நான் பாக்குறதைப் பாத்துட்டு அவரே பொறுமையா விளக்கிச் சொன்னாரு. கான்ட்ராக்டர் கம்பெனிக்கு பில் போடுறது ஆள் கணக்குல, இத்தனை ஆள் இத்தனை நாள், ஒரு ஆளுக்கு இத்தனை ரூபாய்னு. மஸ்டர்ல பிரசென்ட் விழுந்த நாளுக்குத்தான் அவருக்குக் கம்பெனி காசு தரும். லீவு நாளுக்கு எங்களுக்கு ஹெச் போட்டா அந்தக் கூலியை அவர் கையில இருந்து போடணும், ஏன்னா ரேட் பேசுறப்போ லீவு சம்பளத்தை அவர் சேர்த்துப் பேசல, சேர்த்துச் சொன்னா வேற கான்ட்ராக்டர் கம்மி ரேட்டுக்கு வந்துடுவான். அதனால ஏ. இது கேட்டப்புறம்தான் எனக்கு முழுசா விளங்குச்சு, யாரோ ஒரு சூப்பர்வைசர் கெட்டவன்ங்கிறது இல்ல விஷயம், ரேட் பேசுற இடத்துலயே எங்க லீவு காணாமப் போயிடுது, அந்தப் பாரம் கடைசியில பேக்கிங் அக்கா தலையில வந்து விழுது.

சட்டத்துல லீவுக்கு உரிமை உள்ளவங்க யாருன்னு பாத்தா அந்த நிறுவனத்துல கூலிக்கு வேலை செய்யுற ஆளுகதான், பெர்மனன்ட்டா இருந்தாத்தான்னு எங்கயும் சொல்லல. அதோட கான்ட்ராக்டர் சம்பளம் தராம விட்டா மெயின் கம்பெனிதான் தரணும்னு 1970ல வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு. இந்த ரெண்டையும் வெச்சு நாங்க ஒரு மனு எழுதினோம். ஷெட்டுல சத்தம் போட்டா அடுத்த நாள் கேட்டுல நிறுத்திடுவாங்கன்னு எல்லாருக்கும் பயம் இருந்துச்சு, நியாயமான பயம், அதனால சத்தமே இல்லாம பேப்பர்ல போனோம். கொழிஞ்சாம்பாறையில டியூஷன் எடுக்குற ஒரு சேச்சி மலையாளத்துல எழுதிக் குடுத்தாங்க. யார் யாருக்கு எந்தெந்த லீவு தேதிக்குச் சம்பளம் வரலைன்னு பேரும் தேதியுமா ஒரு டேபிள், கூடவே சம்பள ஸ்லிப் ஜெராக்ஸ், எல்லாரும் கையெழுத்து. தனியா ஒருத்தர் பேர்ல குடுக்கவே கூடாது, ஒருத்தரை நிறுத்துறது சுலபம், மொத்த லைனையும் நிறுத்த முடியாது. ஒரு காப்பி கான்ட்ராக்டருக்கு, ஒரு காப்பி கம்பெனி ஹெச்.ஆருக்கு, ரெண்டுலயும் வாங்கிக்கிட்டதுக்கு சீல் வாங்கினோம். அடுத்த காப்பி அசிஸ்டன்ட் லேபர் ஆபீசருக்குப் போகும்னு கடைசி வரியில மரியாதையாவே எழுதியிருந்தோம்.

அங்க போக வேண்டிய தேவையே வரல. ஹெச்.ஆர் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசி ரேட்டுல லீவு சம்பளத்தையும் சேர்த்தாங்க, அடுத்தடுத்த மாசத்துல ஸ்லிப்புல என்.எஃப்.ஹெச்னு, அதாவது தேசிய, பண்டிகை விடுமுறைன்னு, ஒரு புது கட்டம் வந்துச்சு. அந்த வருஷத்து பாக்கி வந்துச்சு, முந்தின வருஷங்களோடது வரல, கேட்டும் தரல. அக்காவோட இன்சென்டிவும் திரும்ப வந்துச்சு, ஏ ஹெச்சா மாறுனா அவங்க லீவே போடல இல்லையா.

காசு கணக்கு எப்படி மாறுதுன்னு ஒரு மாசத்தை வெச்சுக் காட்டுறேன், நாள் கூலி 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். 2024 ஆகஸ்ட்ல 31 நாள், அதுல 4 ஞாயிறு, மீதி 27. 15ம் தேதி வியாழக்கிழமை லீவு, அப்போ வேலை செஞ்ச நாள் 26, ஆனா சம்பள நாள் 27. லீவுக்குக் காசு இல்லைன்னா 15,600, சட்டப்படி வரவேண்டியது 16,200. 15ம் தேதியும் வேலைக்குக் கூப்பிட்டு நீங்க போயிருந்தா 16,800 வரணும், ஏன்னா அந்த ஒரு நாளுக்கு ரெண்டு கூலி. நிறைய இடத்துல லீவு அன்னைக்கு வேலை வாங்கிட்டு 600 மட்டும் போட்டு, வந்ததுக்குக் காசு குடுத்துட்டோமேம்பாங்க. அது அன்னைக்கு வீட்டுல இருந்தாலே வரவேண்டிய 600, வேலைக்கு இன்னொரு 600 வரணும். மாசச் சம்பளக்காரங்களுக்கு ஒண்ணு ஏற்கனவே சம்பளத்துல இருக்கும், அதுக்கு மேல ஒரு நாள் சம்பளம் தனியா வந்திருக்கான்னு பாக்கணும்.

ரெட்டைச் சம்பளம் வேண்டாம், இன்னொரு நாள் சம்பளத்தோட லீவு எடுத்துக்கிறேன்னும் சொல்லலாம், அதுவும் சட்டத்துலயே இருக்கு. ஆனா எது வேணும்னு தேர்ந்தெடுக்குற உரிமை வேலை செஞ்சவங்களுக்கு, முதலாளிக்கு இல்ல. நான் கோயமுத்தூர்ல இருந்தப்போ எப்பவும் காம்ப் ஆஃப்தான், அதாவது பதிலுக்கு வேற ஒரு நாள் லீவு, காசே கிடையாது, அந்த காம்ப் ஆஃபும் ஆர்டர் இருக்கு, அடுத்த வாரம் எடுத்துக்கன்னு சொல்லிச் சொல்லியே டிசம்பர் வந்துடும், புது வருஷத்துல எல்லாம் ஜீரோ ஆயிடும். அதனால லீவு நாள்ல வேலை செஞ்சா காசா வாங்கிடுங்கன்னுதான் நான் எல்லாருகிட்டயும் சொல்றது. இல்ல எனக்கு லீவுதான் வேணும்னா எந்தத் தேதின்னு அப்பவே எழுதி வாங்கிடுங்க.

லீவு நாள்ல வேலைக்கு வரச் சொல்றதுக்கும் முறை இருக்கு. குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், இந்தச் சட்டத்தைக் கவனிக்குற இன்ஸ்பெக்டருக்கும் காப்பி போகணும். ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்புல நாளைக்கு டூட்டி உண்டு எல்லாரும் வரணும்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தா அது நோட்டீஸ் ஆகாது. ஆனா அந்த மெசேஜை அழிச்சுடாதீங்க, நாளைக்கு இவங்க அன்னைக்கு வேலையே செய்யலைன்னு சொன்னா உங்ககிட்ட இருக்குற சாட்சி அதுதான்.

அடுத்தது லீவுக்கு முன்னாடியும் பின்னாடியும் லீவு போட்டா நடுவுல வர்ற ஞாயிறையும் பண்டிகையையும் சேர்த்து வெட்டுறது, சாண்ட்விச்னு சொல்லுவாங்க. குறிச்சியில எங்க கூட லேத்துல இருந்த ஒரு அண்ணன் தீபாவளியை ஒட்டி முன்னாடி ஒரு நாள் பின்னாடி ஒரு நாள் சம்பளத்தோட வர்ற வருஷ லீவு எடுத்தாரு, மூணு நாளும் லீவுக் கணக்குல கழிச்சுட்டாங்க. அப்போ இருந்த 1948 ஃபேக்டரீஸ் சட்டத்துல வருஷ லீவுக்கு இடையிலயோ முன்னாடி பின்னாடியோ வர்ற விடுமுறை நாள் லீவுக் கணக்குல சேராதுன்னு தெளிவாவே இருந்துச்சு. அதை யாரும் அவருக்குச் சொல்லல, ரிடையர் ஆகுற வரைக்கும் அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ பயந்துட்டேதான் போவாரு. எனக்கு இன்னும் அது மனசுல உறுத்திட்டே இருக்கு.

இ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, அந்த விஷயம் யாருமே யோசிக்காத ஒண்ணு. உடம்பு சரியில்லாம வேலைக்குப் போக முடியாதப்போ இ.எஸ்.ஐல சிக்னஸ் பெனிஃபிட்ங்கிற உதவிப் பணம் வாங்கணும்னா 6 மாசக் கணக்குல, அதாவது ஏப்ரல்ல இருந்து செப்டம்பர், அக்டோபர்ல இருந்து மார்ச், அதுல 78 நாளுக்குக் காசு கட்டியிருக்கணும். சம்பளம் குடுத்த லீவும் அந்த 78ல சேரும். மஸ்டர்ல ஏ போட்டா அது போயிடும். மாசம் முழுக்க வர்றவங்களுக்கு இது பெருசாத் தெரியாது, ஆனா வேலை விட்டு விட்டு வர்ற கான்ட்ராக்ட் ஆளுகளுக்கு ரெண்டு மூணு நாள்ல அந்த எல்லை தவறிப் போயிடும், அப்போ ஆஸ்பத்திரியில படுத்திருக்குற மாசத்துல கையில ஒண்ணும் வராது. அதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், அந்தக் கட்டத்துல என்ன எழுத்து விழுதுன்னு பாருங்கன்னு.

பண்டிகை லிஸ்ட் போடுறப்போ நம்மளையும் கேக்கணும்னு சட்டத்துல இருக்கு, ஆனா கேக்குறப்போ நம்ம ஆளுக ஏதோ ஒண்ணு போடுங்க சார்னு விட்டுடுவாங்க. விடாதீங்க. எங்க ஷெட்டுல தமிழ் ஆளுக, மலையாளி ஆளுக, ஒடிசா பீகார்ல இருந்து வந்த பையங்க எல்லாரும் இருக்கோம், தீபாவளி வேணும்னு ஒருத்தர், திருவோணத்துக்கு முந்தின நாளும் வேணும்னு ஒருத்தர், ஹோலிக்கு லீவு வெச்சா ராத்திரி ஷிஃப்ட் எல்லாம் நாங்களே பாத்துக்கிறோம்னு அந்தப் பையங்க. பேசித்தான் முடிக்கணும். தேதியையும் பாருங்க, 2025ல அக்டோபர் 2 காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாள்ல வந்துச்சு, விஜயதசமியைப் பண்டிகை லிஸ்ட்ல போட்டிருந்த இடத்துல ஒரு லீவு அப்படியே போச்சு. முந்தின டிசம்பர்லயே காலண்டரைப் பாத்திருந்தா அதுக்குப் பதிலா வேற நாள் கேட்டிருக்கலாம். 1ம் தேதி ஆயுத பூஜையை மட்டும் எந்தக் கம்பெனியும் விடாது, மெஷினுக்கு சந்தனம் வெச்சு, பொரி கடலை கட்டிக் குடுத்து, கம்பெனி ஆளு கான்ட்ராக்ட் ஆளுன்னு பிரிக்காம எல்லாரையும் ஒண்ணா நிக்க வெக்கிற நாள் அது ஒண்ணுதான்.

ஹர்த்தால், அதாவது கடையடைப்பு, இதுல சேராது. கேரளாவுல ஹர்த்தால்னா வாளையார் தாண்டி பஸ் வராது, வேலைக்குப் போக முடியாது, அன்னைக்குக் கூலி கிடையாது, கம்பெனியும் தராது. கோயமுத்தூர் போறவங்களுக்கும் சாவடி வரைக்கும் வண்டி கிடைக்காம போயிடும். 2019 ஜனவரியில 7 நாள் முன்னாடி அறிவிப்பு குடுக்காம ஹர்த்தால் நடத்தக் கூடாதுன்னு கேரள ஹைகோர்ட் சொன்னதுக்கப்புறம் திடீர்னு வர்றது குறைஞ்சிருக்கு, அது நாள் கூலிக்காரங்களுக்குப் பெரிய உதவி.

எலக்‌ஷன் நாள் மட்டும் தனிக் கதை. ஓட்டுப் போடுற நாள் சம்பளத்தோட லீவு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 135பி பிரிவு, நாள் கூலிக்காரங்களுக்கும் உண்டு. ஆள் இல்லாட்டி ஆபத்தோ பெரிய நஷ்டமோ வர்ற வேலைக்கு மட்டும்தான் விலக்கு. 2021 சட்டசபைத் தேர்தல் ரெண்டு மாநிலத்துலயும் ஏப்ரல் 6ம் தேதியே நடந்துச்சு, எங்களுக்குப் பிரச்சனையே இல்ல. 2024 பார்லிமென்ட் எலக்‌ஷன்ல தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளாவுக்கு ஏப்ரல் 26, ரெண்டும் வெள்ளிக்கிழமை. 26ம் தேதி கோயமுத்தூர்ல எல்லா யூனிட்டும் ஓடுது, எங்க ஊர் ஆளுகளுக்கு ஓட்டு வேலந்தாவளத்துல. இங்க எலக்‌ஷன் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சே, இப்ப என்ன லீவுன்னு கேட்டாங்களாம். வேலை செய்யுற ஊர்ல ஓட்டு இல்லைன்னாலும், ஓட்டு இருக்குற ஊர்ல தேர்தல் நடக்குற அன்னைக்குச் சம்பளத்தோட லீவு உண்டு, தேர்தல் கமிஷனும் இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. எங்க தெருப் பையங்க வோட்டர் ஐடி ஜெராக்ஸோட முன்கூட்டியே லெட்டர் எழுதிக் குடுத்தாங்க, எழுதிக் குடுத்தவங்களுக்கு சம்பளம் வந்துச்சு, வாயில சொல்லிட்டுப் போனவங்களுக்கு எல்.ஓ.பி., அதாவது சம்பளம் இல்லாத லீவு, விழுந்துச்சு.

2025 நவம்பர் 21ல இருந்து நாலு லேபர் கோடும், அதாவது மத்திய அரசோட புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், நடைமுறைக்கு வந்தப்புறம் சிலர் பழைய லீவுச் சட்டம் எல்லாம் போச்சுன்னு சொல்லிட்டுத் திரியுறாங்க. கோடு வந்து மாத்துனது மத்திய அரசோட சட்டங்களைத்தான், ஃபேக்டரீஸ் சட்டம், நான் மேல சொன்ன கான்ட்ராக்ட் லேபர் சட்டம் எல்லாம் அதுல வரும். இந்த 1958 விடுமுறைச் சட்டம் ரெண்டு பக்கமும் மாநிலங்களோடது, அந்த லிஸ்ட்ல இல்ல. அதனால யாராவது அப்படிச் சொன்னா எந்த உத்தரவுன்னு பேப்பரைக் காட்டச் சொல்லுங்க, மாசாமாசம் ஸ்லிப் கையில வந்த உடனே போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அந்த மாசத்துல எந்தத் தேதி லீவு, அன்னைக்கு வேலைக்குப் போனோமா இல்லையான்னு அந்த போட்டோவுக்குக் கீழயே குறிச்சு வெச்சுக்கோங்க, வீட்டுல படிக்கிற புள்ளைங்ககிட்ட சொன்னா அவங்களே செஞ்சு குடுத்துடுவாங்க.